மாத்திரைக்கு ஒரு டம்ளர்

முதல்வர் அறைக்கு வெளியே மாட்டியிருந்த சுவர்க்கடிகாரம் ஏழு நிமிடம் முந்தி ஓடுவதை ஆவுடைச்செல்வி வந்து உட்கார்ந்ததுமே கண்டுபிடித்துவிட்டாள். வீட்டை விட்டுக் கிளம்புமுன் வானொலிச் செய்தியோடு வைத்துச் சரிபார்த்த கைக்கடிகாரம் அவளுடையது. ஆகவே தவறு பள்ளிக்கூடத்துடையதுதான். அது தவறா, ஏற்பாடா என்பதில்தான் அவளுக்குத் தெளிவில்லை. ஒன்பதரைக்கு நேர்முகம் என்று சொல்லிவிட்டு, ஒன்பது இருபத்தைந்துக்கு வந்து நின்றவளை இரண்டு நிமிடம் பிந்தியவளாக்க எவ்வளவு தேவையோ, சரியாக அவ்வளவுதான் அந்த முள் முந்தியிருந்தது. வாசலில் இருந்த அட்டெண்டர் அம்மாள் பதிவேட்டில் பெயர் எழுதும்போது தலையைத் தூக்கி அந்தக் கடிகாரத்தைத்தான் பார்த்தாள், 9.32 என்றுதான் எழுதினாள், எழுதிவிட்டுச் சிரிக்கவும் செய்தாள். "உக்காருங்க மிஸ், கூப்பிடுவாங்க." மிஸ்ஸாம். இன்னும் ஆகவேயில்லை, அதற்குள் மிஸ். திருப்பி அனுப்பப் போகிறவர்களை முதலிலேயே கொஞ்சம் குளிர்வித்து வைப்பது இங்கே வழக்கமாக இருக்கலாம். எதிரே ஒரு மீன்தொட்டி, அதில் ஒரே ஒரு மீன். ஒரே மீனுக்கு யாரும் இவ்வளவு பெரிய தொட்டி வாங்க மாட்டார்கள். மற்றவை என்ன ஆயின? ஆவுடைச்செல்வி மடியில் இருந்த ஃபைலை இன்னும் கொஞ்சம் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, காலடியில் இருந்த துணிப்பையைப் பாதத்தால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பைக்குள் துண்டில் சுற்றிய ஒரு கண்ணாடி டம்ளர், டம்ளருக்குள் ஒரு பென்சில். இன்றைக்கு எடுத்துக் காட்டவேண்டிய மாதிரிப் பாடத்துக்கு அவ்வளவுதான் அவளுடைய படைக்கலம். மாணவர்களே, இந்தப் பென்சிலைப் பாருங்கள், இது நேராக இருக்கிறது. இப்போது இதைத் தண்ணீருக்குள் வைக்கிறேன், என்ன ஆயிற்று, ஒடிந்துவிட்டதா? இல்லை, ஒடிந்ததுபோலத் தோன்றுகிறது. நாலு நாளாக இதைச் சொல்லிப் பார்க்கிறாள், நாலு நாளாகத் 'தோன்றுகிறது' என்ற இடத்தில் வந்து நின்றுவிடுகிறாள். அதற்கு அப்புறம் ஒரு வாக்கியம் உண்டு. புத்தகத்தில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறாள். ஆனால் தோன்றுகிறது என்று சொன்னதுமே எது தோன்றுகிறது, எது இருக்கிறது என்று புத்தி வேறு பக்கம் போய்விடுகிறது.

போகாமல் என்ன செய்யும்? அப்பா பிரமநாயகம் முப்பத்தோரு வருடம் பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவர். வழிமறித்து ஏறி இறங்கிய பஸ்களில் அவர் பார்த்த மனிதகுலம் டிக்கெட் எடுத்தவர்கள், எடுக்காதவர்கள் என இரண்டு வகைப்படவில்லை. எடுக்காதவர்கள், எடுத்துவிட்டு அதைக் காட்டத் தெரியாதவர்கள் என்றுதான் பிரிந்தது. ஏறியதும் அவர் பயணிகளைப் பார்ப்பதில்லை, கண்டக்டரின் வலது கை விரலைப் பார்ப்பார். "விரலு ஈரமா இருந்தா டிக்கெட் கிழிச்சிருக்கான்னு அர்த்தம். காஞ்சு கெடந்தா எங்கியோ இடிக்கி" என்பார். சோற்றில் கைவைத்துக்கொண்டே சொல்வார், அதைக் கேட்டுக்கொண்டேதான் அவள் வளர்ந்தாள். பள்ளிக்கூட நாட்களில் பஸ் ஏறியதும் கண்டக்டரின் விரலைத் தேடி, எச்சில் தொட்ட அந்த விரல் கொடுத்த டிக்கெட்டை அருவருப்போடும் நிம்மதியோடும் ஒருசேர வாங்கிக்கொள்வாள். பணி ஓய்வு பெற்றதும் அவர் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை போட்டார். இயற்பியலில் முதுகலை, அதற்கு மேல் பி.எட். படித்த மகள் அந்த இயந்திரத்துக்கு முன்னால் நிற்கத் தொடங்கி வருகிற ஆனியோடு மூன்று வருடம். மூடியைத் தூக்கு, வை, மூடு, பச்சை வெளிச்சம், எடு. ஊரில் உள்ளவர்களின் சாதிச் சான்று, வாரிசுச் சான்று, இறப்புச் சான்று, எல்லாம் அவள் கைவழியாகத்தான் இரட்டித்தன. மதிப்பெண் பட்டியலில் மூன்றை எட்டாக்கி நகல் எடுக்க வந்தவர்களைப் பார்த்திருக்கிறாள், நன்னடத்தைச் சான்றிதழைத் தானே எழுதிக்கொண்டு வந்த ஒரு நல்ல நடத்தைக்காரரையும் பார்த்திருக்கிறாள். அசலை மூடிக்கு அடியிலேயே மறந்துவிட்டுப் போகிறவர்கள் தினம் இரண்டு பேர். அசல் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் ஃபைலை இப்படிப் பிடித்திருக்கிறாள். இந்த மாதிரிப் பள்ளிக்கூடங்களில் சேரும் அன்றைக்கே ஒரிஜினலை வாங்கி பீரோவில் பூட்டிவிடுவார்கள், நடு வருடத்தில் யாரும் ஓடிவிடக் கூடாதாம். அழுதாலும் ஏப்ரல் வரை தரமாட்டார்கள் என்று கடைக்கு வந்த ஒரு டீச்சர் சொல்லியிருக்கிறாள். அந்த டீச்சரையும் முழுதாக நம்ப முடியாது, அவளும் அன்றைக்கு ஒரு வேலைக்கு விண்ணப்பம் போடத்தான் நகல் எடுக்க வந்திருந்தாள். காலையில் செருப்பு மாட்டும்போது அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "ஏட்டி, கெடச்சா போ. கெடைக்கலன்னா டீச்சர் பேச்ச இதோட விட்டுரணும். திங்கக்கெழம ரெண்டாவது மிஷின் வந்து எறங்குது, நிக்க ஆளு வேணும்." அவள் மற்றச் செருப்பையும் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். திங்கட்கிழமை. இன்றைக்குச் சனி. இரண்டு இயந்திரங்களுக்கு நடுவில் நிற்கிற ஒருத்தி எந்தப் பக்கம் திரும்பினாலும் பச்சை வெளிச்சம்.

பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. மூன்று ஸ்டீல் நாற்காலிகளை ஒரே கம்பியில் கோத்திருந்ததால் ஒருத்தர் உட்கார்ந்தால் மற்றவரும் ஆடவேண்டியிருந்தது. வந்தவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும், நீலத்தில் வெள்ளைப் பூப்போட்ட சேலை, தோளில் ஒரு கனத்த பை. வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்ததாகவும் பெயர் ஜெசிந்தா என்றும் கேட்காமலேயே சொன்னாள். கேட்காமல் சொல்லப்படுகிற எதையும் ஆவுடைச்செல்வி குறித்து வைத்துக்கொள்வது வழக்கம். "எக்கா, நீங்க என்ன பாடம் எடுக்கப் போறிய?" எக்காவா? இரண்டு நிமிடத்தில் எக்காவா? சிரித்த முகம்தான், முகத்தைப் பார்த்து என்ன பயன், கையைப் பார்த்தாள். விரல்கள் சேலைத் தலைப்பைச் சுருட்டுவதும் விடுவதுமாக இருந்தன. பதற்றமா, கணக்குப் போடுகிறாளா? இருப்பது ஒரு வேலை. பாடத்தைத் தெரிந்துகொண்டு, முதலில் உள்ளே கூப்பிட்டால் அதையே அவள் எடுத்துவிட்டு வந்துவிட்டால்? அப்புறம் பென்சிலையும் டம்ளரையும் தூக்கிக்கொண்டு உள்ளே போனால், காப்பியடிக்க வந்தவள் என்றல்லவா நினைப்பார்கள்? நகல் எடுத்தே மூன்று வருடம் போயிற்று, இங்கேயுமா? "உராய்வு" என்றாள் ஆவுடைச்செல்வி. அந்தச் சொல் எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியாது. எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் ஒளிக்கு முன்னாலோ பின்னாலோ அது இருக்கும். "ஐயோ, நல்ல பாடம்லா" என்று ஜெசிந்தா உண்மையாகவே மகிழ்ந்தாள், அல்லது மகிழ்ந்ததுபோலத் தோன்றினாள். அப்போதுதான் துணிப்பை காலில் சாய்ந்து, துண்டு விலகி, டம்ளரின் விளிம்பு வெளியே எட்டிப் பார்த்தது. "இதென்ன, கண்ணாடி டம்ளரு?" "மாத்திரை போடணும், அதுக்கு" என்றாள். ஒரு பொய் சொன்னால் அடுத்ததற்கு நாக்கு தயாராகவே இருக்கிறது, வியப்புதான். ஜெசிந்தாவின் முகம் உடனே மாறிவிட்டது. "உடம்புக்கு என்னக்கா? பிரஷரா? எங்க மதினிக்கும் இப்படித்தான், நேரத்துக்குப் போடலன்னா தலையைச் சுத்திக்கிட்டு வந்துரும். தண்ணி வேணுமா? எங்கிட்ட பாட்டில் இருக்கு." "இல்ல, பதினோரு மணிக்குத்தான்" என்றாள் ஆவுடைச்செல்வி. நோய்க்கு நேரமும் குறித்தாயிற்று.

"ஜெசிந்தா யாரு? உள்ள வாங்க மிஸ்" என்று அட்டெண்டர் அம்மாள் கூப்பிட்டாள். பிந்தி வந்தவள் முந்திப் போகிறாள். பதிவேட்டில் 9.32-க்குக் கீழே 9.50 இருக்கிறது, இருந்தும் கூப்பிட்டது 9.50-ஐ. யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். வேலை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது, தன்னை ஒரு கணக்குக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு பேரைப் பார்த்தோம், ஒருத்தரை எடுத்தோம் என்று எழுதிவைக்க ஓர் இரண்டாம் ஆள். ஜெசிந்தா பையை நாற்காலியிலேயே வைத்துவிட்டு, "எக்கா, கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிப் போனாள். முன்பின் அறியாதவளை நம்பி ஒரு பை. இதுவும் சோதனையோ என்னவோ. திறந்து பார்க்கிறாளா என்று யாராவது பார்த்துக்கொண்டிருக்கலாம். மேலே மூலையில் கேமரா இருந்தது, அதன் சிவப்பு விளக்கு எரியவில்லை, எரியாததனாலேயே அது வேலை செய்கிறது என்று தோன்றியது. பை திறக்காமலே ஒரு பக்கம் புடைத்திருந்தது. உருண்டையான புடைப்பு. டம்ளர் அளவு. இவளும் டம்ளர் கொண்டு வந்திருக்கிறாள்; அதனால்தான் டம்ளரைப் பார்த்ததும் இதென்ன என்று கேட்டாள்; பென்சிலும் உள்ளே இருக்கும்; இந்நேரம் அவள் உள்ளே, ஒடிந்ததுபோலத் தோன்றுகிறது என்று சொல்லிவிட்டு, தன்னால் தாண்ட முடியாத அந்த வாக்கியத்தையும் சரளமாகத் தாண்டியிருப்பாள். ஆனால் பை இங்கேயல்லவா இருக்கிறது, டம்ளர் இங்கே இருந்தால் உள்ளே எப்படி? இப்படி ஒரு தருக்கம் குறுக்கே வந்து நின்றது. ஆவுடைச்செல்வி அதையும் ஒரு கணம் சந்தேகமாகவே பார்த்தாள். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. மூன்று நான்கு பேர் சேர்ந்து சிரிக்கிற சிரிப்பு. நேர்முகத்தில் யாராவது சிரிப்பார்களா? சொந்தக்காரர்கள்தான் சிரிப்பார்கள். நீங்கள் ஏன் ஆசிரியராக விரும்புகிறீர்கள்? சிறு வயதிலிருந்தே எனக்கு, இல்லை, சிறு வயதில் அவளுக்கு அப்படியொன்றும் இல்லை. உண்மையைச் சொல்வதானால், பி.எட். பயிற்சிக்கு ஓர் அரசுப் பள்ளிக்குப் போயிருந்தபோது, நிறைபற்றி அவள் சொல்லிக்கொண்டிருந்த ஒரு பகலில், கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள். அந்த வாய் ஈயும் போகாத அளவுக்கே திறந்திருந்தது. தான் சொன்ன ஒன்று இன்னொருத்திக்குள் போய் இறங்குவதைக் கண்ணால் பார்த்தது அந்த ஒருமுறைதான். அப்போது யாரையும் எதற்காகவும் சந்தேகப்படவில்லை, நாற்பது நிமிடம், மணியடிக்கும் வரை. இதைப் போய் ஒரு தாளாளரிடம் சொல்ல முடியுமா? சொன்னால் நம்புவாரா? தானாக இருந்தால் நம்பமாட்டாள்.

கதவு திறந்து ஜெசிந்தா வந்தாள். வந்த வேகத்தில் நாற்காலி மூன்றும் ஆடின. "எக்கா, பயப்படாதிய. எல்லாரும் தங்கமானவங்க. பிள்ளைகளே கெடையாது, டீச்சர்மாருதான் பெஞ்சில பிள்ளைகளா உக்காந்திருக்காவ, கேள்வி கேட்டுக் கொல்லுதாவ. நான் அமிலமும் காரமும் எடுத்தேன், எலுமிச்சம்பழத்த நக்கிக் காட்டச் சொல்லி ஒருத்தர் ஒரே சேட்டை." "அமிலமா? நீங்க பிசிக்ஸ் இல்லியா?" "நான் கெமிஸ்ட்ரிக்கா. நீங்க கேக்கவே இல்லியே" என்று சொல்லிக்கொண்டே அவள் பையைத் திறந்து, அந்த உருண்டைப் புடைப்பை, ஒரு சோற்று டப்பாவை, சரியாக நிமிர்த்தி வைத்தாள். "உங்களுக்கும் நல்லது செஞ்சுட்டுத்தான் வந்திருக்கேன். அடுத்த மேடம் உராய்வு எடுக்கப் போறாவ, ரொம்ப நல்லாத் தயார் பண்ணியிருக்காவன்னு சொல்லிட்டேன். எட்டாம் கிளாஸுக்கு அடுத்த பாடம் அதானாம், மேடத்துக்கு ஒரே சந்தோசம், போர்டுல தலைப்பே எழுதிட்டாவ. பதினோரு மணிக்கு உங்களுக்கு மாத்திரை போடணும், காக்க வைக்காதியன்னும் சொல்லிட்டேன்." நல்லெண்ணம் இவ்வளவு முழுமையாக ஒரு காரியத்தைக் கெடுக்கும் என்பது ஆவுடைச்செல்விக்குப் புதிது; கெட்ட எண்ணத்தைத்தான் அவள் இதுவரை ஆராய்ந்திருந்தாள். கதவிலிருந்து குரல் வந்தது: "ஆவுடைச்செல்வி மிஸ்." ஜெசிந்தா அவள் டம்ளரைத் தானே எடுத்து, பென்சிலைத் துண்டோடு சேர்த்து அவளுடைய துணிப்பைக்குள்ளேயே நழுவவிட்டு, தன் பாட்டிலிலிருந்து முக்கால் டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கையில் கொடுத்தாள். "உள்ளேயே போட்டுக்கிடுங்க, ஒண்ணுஞ் சொல்லமாட்டாவ."

உள்ளே, முதல்வர் அறையை ஒட்டிய வகுப்பறையில், கரும்பலகையில் உராய்வு என்று பெரிதாக எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தது. எட்டாம் வகுப்புப் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க ஆறு ஆசிரியர்கள், முதல் பெஞ்சில் மூக்குக்கண்ணாடியோடு முதல்வர் அம்மாள், கடைசிப் பெஞ்சில் வெள்ளைச் சட்டையில் ஒரு பெரியவர். அவர்தான் தாளாளர் என்று வாசலிலேயே அட்டெண்டர் அம்மாள் கிசுகிசுத்திருந்தாள். டம்ளரை மேசைமேல் வைத்தாள், அதன் பக்கத்தில் ஃபைலை வைத்தாள், துணிப்பையை மேசைக்காலோடு சாய்த்து வைத்தாள். தண்ணீர் இருக்கிறது, பென்சில் பைக்குள் இருக்கிறது, பாடம் எங்கேயும் இல்லை. மன்னிக்கவும், நான் தயார் செய்தது வேறு என்று சொல்லலாம். அப்படியானால் அந்தப் பெண் ஏன் இப்படிச் சொன்னாள் என்று கேட்பார்கள். ஒன்று ஜெசிந்தா பொய்க்காரி ஆகவேண்டும், இல்லை தான். உராய்வு என்பது ஒரு பொருள் மற்றொரு பொருளின் மேல் நகரும்போது, நகரும்போது என்ன? திங்கட்கிழமை, இரண்டாவது மிஷின், இரண்டு பக்கமும் வெளிச்சம். மிஷின். பேப்பர் எடுக்காது சில நாள். உள்ளே ரப்பர் உருளை வழுவழுத்துப் போயிருக்கும், தாளில் பட்டுத் தாளில் பட்டு. தாளின் மேல் சும்மா சுற்றும், தாள் அசையாது. ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும், பழையபடி ஒவ்வொன்றாக இழுக்கும். மூன்று வருடமாகச் செய்கிறாள். அதற்கு முன்னால், பஸ்ஸில், அந்த விரல். அவள் ஃபைலைத் திறந்து, அசலையல்ல, நகல்களை எடுத்து மேசைமேல் அடுக்கினாள். "பஸ்ல டிக்கெட் கிழிக்கும்போது கண்டக்டர் விரலை நாக்குல தொடுறாரே, ஏன்னு யாராவது யோசிச்சிருக்கீங்களா?" முதல்வர் அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆவுடைச்செல்வி சாக்பீஸ் தூளில் விரலைத் தேய்த்துத் தாள்களின் மேல் வைத்துத் தள்ளினாள். விரல் வழுக்கிற்று, தாள் அங்கேயே கிடந்தது. டம்ளர்த் தண்ணீரில் விரலைத் தொட்டு, புடவையில் ஒற்றிவிட்டுத் தள்ளினாள். மேல்தாள் மட்டும் விரலோடு வந்தது. விரலுக்கும் தாளுக்கும் உள்ள பிடி தாளுக்கும் தாளுக்கும் உள்ள பிடியைவிட அதிகம், அதனால் ஒன்றுதான் வரும். மழைக்காலத்தில் தாளெல்லாம் நமுத்துப்போய் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், அப்போது இரண்டு இரண்டாக வரும், மிஷின் சிக்கும், வெளியே ஆள் திட்டும். "மிஸ், பாத்ரூம் போகணும்" என்றார் கடைசிப் பெஞ்சிலிருந்து தாளாளர், சிணுங்கிக்கொண்டு. "போயிட்டு வா. வரும்போது ஈரக்காலோட ஓடி வராம, ஏன் ஓடக் கூடாதுன்னு யோசிச்சிட்டு வா" என்று அவள் சொல்லிமுடித்த பிறகுதான் யாரை வா போ என்று சொல்லிவிட்டோம் என்பது உறைத்தது. கணக்கு வாத்தியார் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். தாளாளர் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு, "வழுக்கிரும் மிஸ்" என்று எழுந்து நின்று பதில் சொன்னார். முன்வரிசையில் இருந்த ஒரு டீச்சர் வாயை லேசாகத் திறந்து வைத்திருந்தாள்.

முடிந்ததும் முதல்வர் அம்மாள் பெஞ்சிலிருந்து சிரமப்பட்டு வெளியே வந்தாள். மேசையருகே வந்து துணிப்பையைக் குனிந்து பார்த்தாள். அதன் வாய் வழியாகப் பென்சிலின் சீவிய முனை நீட்டிக்கொண்டிருந்தது. "டம்ளர் மாத்திரைக்குன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. மாத்திரையக் காணோம். பென்சில் எதுக்கும்மா?" இருபது வருடம் பிள்ளைகளின் பைகளைப் பார்த்த கண் அது. ஆவுடைச்செல்வி நான்கு பதில்களை யோசித்தாள், நான்கும் பொய். "ஒளி விலகல் எடுக்கத்தான் வந்தேன் மேடம். அவங்க கேட்டப்ப, எங்க இதையே அவங்க எடுத்திருவாங்களோன்னு மாத்திச் சொல்லிட்டேன்." "அவ கெமிஸ்ட்ரியாச்சே." "நான் கேக்கல மேடம்." முதல்வர் அம்மாள் சிரிக்கவில்லை, திரும்பித் தாளாளரைப் பார்த்தாள், அவர்தான் சிரித்தார். "பரீட்சை ஹாலுக்கு இவங்களையே போடுங்க. ஒருத்தனும் பிட் அடிக்க முடியாது." "திங்கட்கிழமை எட்டே காலுக்கு வந்திருங்க" என்றாள் முதல்வர் அம்மாள். "ஒரிஜினல் எல்லாத்தையும் ஆபீஸ்ல குடுத்துட்டுப் போங்க." வந்துவிட்டது. ஃபைல் தானாகவே நெஞ்சோடு ஏறிற்று. இப்போது வாயைத் திறந்தால் எட்டே கால் போனாலும் போகும். "குடுக்கேன் மேடம். வாங்கினதுக்கு ஒரு ரசீது எழுதித் தருவீங்களா?" கணக்கு வாத்தியாரும் மற்றவர்களும் இந்த முறை ஒட்டுமொத்தமாகத் தலை குனிந்தார்கள், அவர்களுடைய ஒரிஜினல்களும் அந்த பீரோவில்தான் இருந்திருக்கும். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை" என்றாள் முதல்வர் அம்மாள் மெதுவாக. பிறகு, கேட்டதில்லை என்பதையே கொஞ்சம் யோசித்ததுபோல், "சீல் வச்சு எழுதிக் குடுக்கச் சொல்லுறேன்" என்றாள்.

வெளியே சுவர்க்கடிகாரம் பதினொன்று காட்டியது. அதாவது பத்து ஐம்பத்து மூன்று. ஜெசிந்தா போகவில்லை. "எக்கா, மாத்திரை போட்டியளா?" ஆவுடைச்செல்வி பக்கத்தில் உட்கார்ந்தாள், நாற்காலிகள் ஆடின. மாத்திரை கிடையாது என்று சொல்ல வாயெடுத்து, அது நீண்ட கதையாகிவிடும் என்று, பென்சிலை எடுத்து மீதித் தண்ணீருக்குள் சாய்த்து வைத்து அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். ஜெசிந்தா குனிந்து பார்த்தாள், தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தாள், பென்சிலை வெளியே எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே விட்டாள். படித்தவள்தான், தெரிந்ததுதான், இருந்தாலும் கண் விரிந்தது. இதைத்தான் மறைத்தேன் என்று ஆவுடைச்செல்வி சொல்லவில்லை. "என்னையும் எடுத்துட்டாவ, ஆறாங் கிளாஸ் சயின்ஸ் முழுசும் நாந்தான் எடுக்கணுமாம்க்கா" என்றாள் ஜெசிந்தா, கண்ணை எடுக்காமல். "இத நான் எம்பிள்ளைகளுக்குச் செஞ்சு காட்டிக்கிடட்டா? நீங்க ஒண்ணும் நெனைக்க மாட்டியல்லா?" ஆவுடைச்செல்வி அவளுடைய விரல்களைப் பார்த்தாள். பென்சிலைத் தொட்ட இரண்டு விரலும் ஈரமாக இருந்தன.

"எடுத்துக்கிடுங்க" என்றாள். பிறகு, "டம்ளர மட்டும் திருப்பித் தந்திருங்க."